விரத வாரத்தில் எடுத்த அளவு

நடந்தது வரிசையாக இது:

1. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஈரமான மரவேரில் மவுண்டன் பைக்கின் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சின்ன எலும்பு முறிந்தது.
2. பத்து வாரம் கட்டு.
3. எலும்பு பொருந்தினால் நான் கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்பேன் என்று அம்மா மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் நேர்ந்துகொண்டார். நேர்ந்த பிறகுதான் எனக்குச் சொன்னார்.
4. எலும்பு பொருந்தியது.
5. அம்மா சைக்கிளை விற்கச் சொன்னார். நான் மறுத்தேன். கடைசியில் ஒரு உடன்பாடு: நான் வழக்கமாகப் போகும் மூன்று காட்டுத் தடங்களிலும் ஒவ்வொரு தடவை சைக்கிள் ஓடிப் பார்ப்பது. ஒன்றிலாவது மணிக்கட்டு வீங்கினால் சைக்கிளை விற்றுவிடுவது.
6. விரத வாரத்தில் லீவு எடுத்து முன்ஃபோர்க்கைச் சரிசெய்தேன்.
7. இரண்டு தடங்களில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் வீங்கியது.

முன்ஃபோர்க் என்பது கைப்பிடிக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் இருக்கும் இரண்டு கால்கள். என்னுடையதில் ஒரு காலுக்குள் காற்று, மற்றதற்குள் எண்ணெய். காற்று நம் பாரத்தைத் தாங்குகிறது. அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாக மீண்டு எழ வேண்டும் என்பதை எண்ணெய் பார்த்துக்கொள்கிறது. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னக் கைப்பம்ப் உண்டு. மீளும் வேகத்துக்கு, காலின் அடியில் ஒரு சிவப்புத் திருகு. அதைத் திருப்பினால் க்ளிக், க்ளிக் என்று படிப்படியாக நகரும். பலர் வாங்கும்போது கடையில் வைத்துக் கொடுத்ததை மாற்றாமல் வருடக்கணக்காக ஓடுகிறார்கள். ஜூன் வரை நானும் அப்படித்தான் ஓடினேன்.

கட்டுப் போட்டிருந்த நாட்களில்தான் அதைப் பற்றி நிறைய வாசித்தேன். ஃபோர்க் விழுங்காத அடியை அடுத்ததாக வாங்குவது மணிக்கட்டு. அப்படியானால் ஃபோர்க் அதிகமாக விழுங்கும்படி செய்தால் போதும் என்று நினைத்தேன். மருத்துவமனையில், நோயாளிகளுக்கு மருந்து ஏற்றும் பம்புகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும், செய்ததை உடனே எழுத வேண்டும் என்ற பழக்கம் கையில் ஊறியிருந்தது. மூன்று தடங்களுக்கும் மூன்று பக்கம் ஒதுக்கி ஒரு கொப்பி தொடங்கினேன்.

முதலாவது, மேற்குப் பக்கம் ஒரு களிமண் தடம். வழுவழுப்பானது, வளைவுகளில் மண்ணைச் சரித்து அணைத்திருப்பார்கள். இரண்டாவது, ஓடையோரமாக யூகலிப்டஸ் வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் தடம். மூன்றாவது வடக்கே இருக்கிறது. மணற்கல் பாறை படிபடியாக இறங்கும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்காது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சஷ்டியின் இரண்டாம் நாள் எங்கள் கராஜில் அளவெடுத்தோம். உதவிக்கு வந்தவள் என்னோடு சைக்கிள் ஓடும் தோழி, கோயம்புத்தூர்க்காரி, ஸ்ட்ராத்ஃபீல்டில் இருக்கிறாள். நான் சைக்கிளில் ஏறி, ஓடும்போது நிற்பதுபோல் நிற்க வேண்டும். அவள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. என் பாரத்தில் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு தூரம் அது நகர்ந்து நிற்கும். அதை அடிமட்டத்தால் அளந்து காற்றைச் சரிசெய்வோம்.

"அசையாம நில்லு. பேலன்ஸ் போச்சுன்னா ரெண்டு பேரும் வாஷிங் மெஷின் மேலதான்."

"நான் அசையேல்ல. நீதான் ஆட்டுறாய்."

"ஆமா, காலைல இருந்து ரெண்டு வாழைப்பழத்துல நிக்கறவ நீ. நான் ஆட்டறேனாம்."

அம்மா சமையலறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "விரதமெண்டா ஒரு இடத்தில இருந்து கும்பிடுறது, பிள்ளை. காடு காடாச் சுத்துறதில்ல."

"அளவெடுக்கத்தான் அம்மா. பின்னேரம் கோயிலுக்கு வாறன்."

அடுத்த நாட்களில் ஒவ்வொரு தடத்திலும் ஒரு சின்னத் துண்டை மட்டும் மெதுவாக ஓடிப் பார்த்தேன். கைகளில் பலம் இல்லை. ஃபோர்க் மீண்டு எழும்போதெல்லாம் கைப்பிடி உள்ளங்கையைத் தள்ளுவதுபோல் இருந்தது. அதனால் சிவப்புத் திருகை நான்கு க்ளிக் இறுக்கி மீளும் வேகத்தைக் குறைத்தேன். காற்றையும் குறைத்தேன். மணற்கல் படிகளில்கூட மெத்தையில் இறங்குவதுபோல் இருந்தது. கொப்பியில் எல்லாம் எழுதினேன்: டயர்க் காற்று, ஃபோர்க் காற்று, க்ளிக், வெயிலின் அளவு, மண் ஈரமா காய்ந்ததா. ஆறாம் நாள் சூரன்போர் பார்த்துவிட்டு வந்து படுத்தபோது, நேர்த்தியும் முடிந்தது, ஃபோர்க்கும் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் காலையில் விரதம் முடிக்கும் பாறணை. அம்மா பன்னிரண்டு கறி வைத்திருந்தார்.

அதன் பிறகு மூன்று சனிக்கிழமைகள். களிமண் தடத்தில் பறப்பதுபோல் இருந்தது. வேர்த் தடத்தில் கடைசிப் பகுதியில் ஃபோர்க் கொஞ்சம் விறைத்துப்போன மாதிரி ஒரு உணர்வு. கை நோகவில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுக்காமல் 'சரி' என்று மட்டும் எழுதினேன். அந்த ஒரு சொல்லை இப்போது பார்த்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலையில் வேறு யாராவது அப்படி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மூன்றாவது சனிக்கிழமை மணற்கல். தோழி முன்னால் போனாள். முதல் நான்கு படிகள் நன்றாக இருந்தன. ஐந்தாவதில் கைப்பிடி முன்னைவிடத் தாழ்ந்திருப்பதுபோல் பட்டது. ஏழாவதிலோ எட்டாவதிலோ, இரும்போடு இரும்பு மோதும் ஒரு 'டக்'. அந்தச் சத்தம் நேராக மணிக்கட்டுக்குள் போனது. நான் விழவில்லை. நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது ரப்பர் வளையம் காலின் உச்சியில் போய் ஒட்டியிருந்தது. ஃபோர்க் முழுவதும் அமுங்கி முடிந்து, மிச்ச அடியை என்னிடம் தந்திருக்கிறது.

"கையக் காட்டு," என்றாள் தோழி. பார்த்துவிட்டு, "அம்மாகிட்ட என்ன சொல்லப் போற?"

"வீங்கிட்டுது எண்டு."

"முழுக்கைச் சட்டை இருக்கு. வேணும்னா தர்றேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நானும் யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றேன். இங்கே கோடையான டிசம்பர் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வீட்டுக்குப் போனால், வெஸ்ட்மீட் மருத்துவமனையில் இருபது வருடமாக நர்ஸாக இருக்கும் அம்மாவுக்கு அதுவே போதும் என்பது ஒரு காரணம். மற்றது, உடன்பாடு என்னுடையது. வந்த அளவை மறைத்தால் அதற்குப் பிறகு என்னால் எந்தக் கொப்பியும் எழுத முடியாது.

அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினேன். அவர் பெருவிரலுக்குக் கீழே அழுத்தினார். "இங்க நோகுதோ?"

"இல்லை."

"இங்க?"

"கொஞ்சம்."

ஃப்ரீஸரில் இருந்து துருவிய தேங்காய்ப் பை ஒன்றை எடுத்து, துவாயில் சுற்றி மணிக்கட்டில் வைத்தார். "திங்கக்கிழமை எக்ஸ்ரே. வீங்கினா விக்கிறதெண்டு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"பிறகென்ன?"

மேசையில் தங்கச்சி படித்துக்கொண்டிருந்தாள். சட்டம் படிக்கிறாள். சைக்கிள்களில் அவளுக்கு எந்த ஆர்வமும் இல்லை. நான் கொண்டுவந்து வைத்த கொப்பியைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினாள்.

"அக்கா, உந்தத் தேதியெல்லாம் சஷ்டி வாரமெல்லோ?"

"ஓம். லீவில நிண்டனான்."

"அப்ப நீ சாப்பிடாத ஆளுக்கெல்லோ செட் பண்ணி வச்சிருக்கிறாய்." சிரிக்கத் தொடங்கினாள். "பாறணைக்கு நீ எத்தினை தரம் சோறு போட்டனி எண்டு எனக்குத் தெரியும். இது வேற ஆரின்ரயோ சைக்கிள், அக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய்த் தராசில் ஏறினேன். விரதத்தின் கடைசி நாள் அம்மா என் எடையை நிறுத்து எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிய துண்டு இன்னும் அங்கேயே இருந்தது. வித்தியாசம் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அன்றைக்கு முதுகில் தண்ணீர்ப் பை வேறு. கராஜில் தங்கச்சியைச் சைக்கிளைப் பிடிக்கச் சொல்லி, பையோடு ஏறி நின்றேன். வளையம் ஆறு மில்லிமீட்டர் கூடுதலாக நகர்ந்தது.

ஆறு மில்லிமீட்டர் மட்டும் அந்த 'டக்'கைத் தந்திருக்காது. விரதத்தில் நான் ஓடிய வேகம்தான் பெரிய பிழை. அப்போது ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில், மெதுவாக மீளும் ஃபோர்க்குக்கு முழுவதும் எழுந்து நிற்க நேரம் இருந்தது. தெம்போடு ஓடியபோது அந்த நேரம் இல்லை. பாதி எழுவதற்குள் அடுத்த படி வந்தது. அது முக்கால் அளவு எழுவதற்குள் அதற்கடுத்தது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி, எட்டாவது படியில் அமுங்க இடம் மிச்சமில்லை. நான் மென்மை என்று நினைத்ததைத்தான் மணிக்கட்டு அடியாக வாங்கியது. கொப்பியில் வெயிலுக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. ஓடுபவருக்கு இல்லை.

குசினிக்குத் திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அந்த டெஸ்ட் செல்லாது. விரத உடம்புக்கு வச்ச அளவில ஓடினனான்."

"அப்ப என்ர நேர்த்தியில பிழையோ? முருகனில பழி போடுறியோ?"

"இல்லை. என்னிலதான் பிழை."

"கோட்டுக்குப் போனா அம்மாதான் வெல்லுவா," என்றாள் தங்கச்சி. "ஒப்பந்தத்தில விரதத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல."

"நீ வாயைப் பொத்து," என்றார் அம்மா. பிறகு என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "சரி. நீ உந்த ஃபோர்க்கைத் திருத்திறாய். எல்லா அளவும் சரியா வைக்கிறாய். இனி விழமாட்டன் எண்டு எழுதித் தருவியோ?"

எழுதித் தர முடியாது. ஜூன் மாதம் நான் விழுந்ததற்கும் ஃபோர்க்குக்கும் சம்பந்தமில்லை. ஈரவேரில் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கியது, அவ்வளவுதான். எந்தக் காற்றழுத்தமும் அதைத் தடுத்திருக்காது. கட்டுப் போட்டிருந்த பத்து வாரமும் அதற்குப் பிறகும், அம்மாவின் கேள்வி நான் மறுபடி விழுவேனா என்பது. நான் அதை எடுத்து, அடி மணிக்கட்டுக்கு எவ்வளவு வரும் என்ற என் கேள்வியாக மாற்றி, அதற்கு மூன்று பக்கம் பதில் எழுதியிருந்தேன். என் கேள்விக்குத் திருகு இருக்கிறது. அவருடையதற்கு இல்லை. திருகு இருக்கிற கேள்வியை எடுத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

"ஏலாது, அம்மா," என்றேன்.

அவர் தேங்காய்ப் பையைத் திருப்பி வைத்தார். அதிகம் குளிர்ந்த பக்கம் இப்போது உள்ளே.

"களிமண்ணிலயும் ஓடையடியிலயும் விழுந்தா மண்ணிலதான் விழுவன்," என்றேன். "மற்றதில பாறையில. அங்க இனிப் போகமாட்டன்."

தங்கச்சி கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தடம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

"மண்ணில விழுந்தும் கை உடையும்," என்றார் அம்மா. "உடைச்சுக்கொண்டுதானே வந்தனி."

"ஓம்."

"எந்த நாள் போவியள்?"

"சனிக்கிழமையில."

"சனி எனக்கு டியூட்டி. முடிஞ்சதும் ஃபோன் பண்ணு. மெசேஜ் இல்ல, ஃபோன்."

திங்கட்கிழமை எக்ஸ்ரேயில் எலும்பு பொருந்தியபடியே இருந்தது. வீக்கம் ஒன்பது நாளில் வற்றியது. அதற்குப் பிறகு இரண்டு தடங்களுக்கும் புதிதாக அளவெடுத்தேன், முழு வயிற்றோடும், தண்ணீர்ப் பையோடும், ஓடும் வேகத்திலும். களிமண்ணுக்குக் காற்று கூடுதல், வளைவுகளில் ஃபோர்க் தாழாமல் நிற்பதற்காக. வேர்களுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு, ஆனால் திருகு மூன்று க்ளிக் தளர்வு, ஒரு வேருக்கும் அடுத்ததற்கும் நடுவில் எழுந்துகொள்வதற்காக. கொப்பியின் மணற்கல் பக்கத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எழுதியிருக்கிறது. தோழி அங்கே இப்போது வேறு ஆட்களோடு போகிறாள்.

மார்ச் மாதம் இது. சைக்கிள் விற்கப்படவில்லை. மணிக்கட்டு நோகவில்லை. இரண்டு தடங்களில் ஓடுகிறேன், ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் ஃபோன் செய்கிறேன். உடன்பாட்டை மீறியது நான்தான் என்று அம்மா சொல்கிறார். அது உண்மை.