ரத்தினபாய் தாழ்ந்த குரலில் கேட்பது

"பாப்பாவைத் தூக்கினு போய் எடை பாத்துட்டு வாங்கம்மா" என்று பிள்ளை பெற்றவளின் மாமியாரை அனுப்பிவிட்டுத்தான் ரத்தினபாய் ஆரம்பிப்பார். மாமியார் தலை மறைந்ததும் குரல் தாழும். "வூட்டுக்காரரு கிட்ட வராரா? வலிக்குதா? சொல்லும்மா, நானும் பெத்தவதான்."

குரோம்பேட்டையில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸ் அவர். பிறந்த குழந்தைகளை 'சார்', 'மேடம்' என்றுதான் கூப்பிடுவார். டாக்டர் சின்மயியின் அறைக்கு வெளியே கூட்டம் எப்போதும் நெரியும். "அதை நீங்களே கேட்டுடுங்க சிஸ்டர், உங்ககிட்டன்னா சொல்வாங்க" என்று டாக்டர் ஒப்படைத்துவிட்டார்.

ரத்தினபாயிடம் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை. மகன் பிறந்தபின் கணவர் மெர்வின் நெருங்கினாலே உடம்பு விறைக்கும். வலி என்று சொல்ல வாய் வரவில்லை. மெர்வின் முதலில் கூடத்தில் படுத்தார்; பிறகு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில், தான் வேலை பார்த்த கம்பெனி பக்கமாக அறை எடுத்துக்கொண்டார். இப்போது கிறிஸ்துமஸுக்கு விருந்தாளிபோல வந்து, கேக் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். மகன் துபாயில். தாம்பரம் வீட்டில் ரத்தினபாய் குளிக்கும்போதுகூட டிவி ஓடிக்கொண்டிருக்கும். மனுசக் குரல் கேட்க வேண்டுமாம்.

போன மாதம் சோயா கைக்குழந்தையோடு வந்தாள். "எல்லாம் ஓகே சிஸ்டர்" என்றவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அம்மாகிட்ட சொன்னேன். பொறுத்துக்கோன்னாங்க. அவர் பக்கத்துல வந்தாலே பயமா இருக்கு."

"எதுக்குப் பொறுத்துக்கணும்? தையல் போட்ட எடம் இறுகியிருக்கும். பால் குடுக்கிறப்ப உள்ள வறண்டும் போவும். அதுக்கு மருந்து கீதும்மா. அடுத்த தபா அவரையும் கூட்டினு வா."

டாக்டர் பார்த்து மருந்து கொடுத்தார். அடுத்த முறை சோயாவோடு கணவன் அக்தரும் வந்தான். பெண்கள் கூட்டத்துக்கு நடுவே செல்போனில் முகம் புதைத்திருந்தவனை ரத்தினபாய் உள்ளே கூப்பிட்டு, தையலையும் வலியையும் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். அவன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"வலின்னு எனக்குத் தெரியாது சிஸ்டர். என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டேன்."

ரத்தினபாய் சோயாவை உள்ளே கூப்பிட்டு அவன் எதிரே உட்காரவைத்தார். "அத்த அவகிட்ட சொல்லுப்பா" என்றார்.

இருவரையும் உள்ளே விட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினார். அடுத்த பெண்ணின் மாமியார் உள்ளே நுழையப் பார்த்தபோது நகரவில்லை. கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றார்.