அழிக்காமல் விட்ட கேள்வி

மாரண்டஹள்ளி தக்காளி விவசாயிகள் குழுவில் கணினி வேலை என்னுடையது. எந்தப் பெட்டி எந்த ஊர் மண்டிக்கு என்பதை எல்லாரும் சேர்ந்து போனிலேயே பதிய, யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய, இலவசமான திறமூல மென்பொருள் ஒன்றை நிறுவியிருந்தேன். லோடு ஏற்றும் நாளில், நகல் எடுத்து வைக்காமல் அதைப் புதுப்பித்தேன். ஒரு பதிவும் திறக்கவில்லை.

எந்தப் பெட்டி எங்கே என்று தெரியாமல் லாரிகள் நின்றன. வெயிலில் தக்காளி கசியத் தொடங்கியது.

"ஓசியில வாங்குனா இப்படித்தாங்க. காசு குடுத்திருந்தா ஆளு ஓடி வந்திருப்பான்" என்றார் ஒரு விவசாயி.

"என்ன கண்ணு, எல்லாம் அழுகட்டுமா?" என்றார் குழுத் தலைவி அக்கா.

நான் முயன்றவை மூன்று: கணினியை அணைத்து மறுபடி போட்டேன், பழைய பதிப்பைத் தேடினேன், சாமியைக் கும்பிட்டேன். கூப்பிட ஓர் எண்கூட இல்லை. அந்த மென்பொருளுக்கான இணைய மன்றத்தில் கேள்வியைப் போட்டேன். பதில் வரவில்லை. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாம் என்று பொத்தான் மேல் விரலை வைத்தேன். அந்த நொடியில் முகம் தெரியாத ஒருவர் எழுதினார்: "எதையும் நீக்காதீர்கள். பதிவுகள் உள்ளே பத்திரமாக இருக்கும்."

நீக்கியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். பதிவுகள் திரும்பின, லாரிகள் கிளம்பின.

நன்றி சொல்லிவிட்டு, "இந்த முட்டாள்தனமான கேள்வியை அழித்துவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். நாளைக்கு இன்னொருவர் இதே இடத்தில் அழுதுகொண்டு நிற்பார். சரிசெய்த விதத்தையும் கீழே எழுதுங்கள்" என்றார்.

எழுதினேன். என் தவறு என் பெயரோடு இன்றும் அங்கே எல்லார் கண்ணிலும் படும்படி இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இல்லை.