வாசலில் கட்டிய இழை

போனில் வந்தது என் கணவரின் எண். பேசியது வேறு யாரோ. பக்கத்து ஊரான கூரத்தில் தங்கள் வீட்டு வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், திரும்பிப் போக வழி தெரியவில்லை என்கிறார் என்றார்கள். காலையில் டீ குடிக்கப் போனவர். ஓடிப்போய்க் கூட்டிவந்தேன்.

டிமென்ஷியா (மூளை பாதிப்பால் வரும் மறதிநோய்) என்றார் டாக்டர். இப்படிக் கிளம்பிவிடுவது அதில் சகஜமாம். அதட்டாதீர்கள், மறுத்துப் பேசாதீர்கள், கூடவே நடந்துபோய்த் திருப்பிக் கூட்டிவாருங்கள் என்றார். சட்டைப் பையில் என் நம்பரைத் தைத்தேன். டீக்கடையில் சொல்லிவைத்தேன். ஆனாலும் நான் சமைப்பதா, தெருத் தெருவாக நடப்பதா? எரிச்சலில் கதவைப் பூட்டினேன்.

நீங்கள் அதைச் செய்யாதீர்கள். அவர் கதவை அடித்த அடியில் நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. என்னைப் பார்த்து அவர் பயந்ததுதான் தாங்கவில்லை.

மறுநாள் கதவைத் திறந்துவைத்து, வாசலை ஒட்டி ராட்டையில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நூல் வாசலின் குறுக்கே ஓடியது. கிளம்பி வந்தவர் அதைக் கண்டதும் நின்றார். ஆயுசெல்லாம் தறியில் உட்கார்ந்த மனிதர், இழையை அறுப்பாரா? திரும்பி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு நான் வேலையாக இருக்கும்போது மட்டும் இடுப்புயரத்தில் அரக்கு நிற இழை ஒன்றைக் கட்டினேன். மாலையில் அவிழ்த்துவிட்டு அவரோடு ஒரு சுற்று நடந்து வந்தேன். வீடு அமைதியானது.

ஒருநாள் வெளியே குழாயடியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு மடங்கியது. கத்திவிட்டேன். நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். சட்டைப் பொத்தானில் அறுந்த இழை தொங்குகிறது. தெரிந்தே அவர் ஒரு இழையை அறுத்து நான் பார்த்ததில்லை. வலிகூட மறந்துபோனது.

"யாரு வூட்டும்மா நீ? என் தோளப் புடிச்சிக்கினு எழுந்திரு. நான் கொண்டாந்து வுடறேன்" என்றார்.

எனக்காக அறுத்தாரா, யாரோ ஒருத்திக்காகவா? டாக்டர் சொன்னபடி நான் மறுத்துப் பேசவில்லை.

"இந்த வூடுதாங்க" என்றேன்.

மெதுவாக உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தார். தண்ணீர் எங்கே இருக்கும் என்று கேட்டுப் போய் எடுத்துவந்தார்.

எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போட்ட கையால் முடிச்சுப் போட முடியாது, அதனால் இழை கட்டுவதில்லை. அவரும் கிளம்புவதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் அதையே புதிதாகக் கேட்கிறார். கை சீக்கிரம் ஆறட்டும் என்கிறார்கள் பார்க்க வருகிறவர்கள். எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை.