அளவுநாடா வருவதற்குள்

மறுத்தவர்களிடமே போய் ஒருத்தி தன்னை நிரூபித்துக் காட்டத்தான் வேண்டுமா? யூஜெனி ஷார்லேயை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. அவளை மெச்சுவது என் நோக்கமல்ல. முசுடு, யாரோடும் ஒத்துப்போகாதவள். பிரான்சில் ஆல்ப்ஸ் மலையடியில் இருக்கும் எங்கள் ஷாமோனியில் அவளிடம் பால் வாங்கியவர்கள் பாலுக்காகத்தான் வாங்கினார்கள்.

மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து பனிச்சறுக்குப் பலகையோடு குதித்துக் குதித்தே தாண்டப் பழகினாள். சரிவில் சறுக்கி வந்து காற்றில் பாய்ந்து தூரம் தாண்டும் ஊர்ப் போட்டிக்கு ஒவ்வொரு குளிர்காலமும் பேர் கொடுப்பாள். பெண் என்பதால் பனிச்சறுக்குச் சங்கத்தார் அந்தப் பேரை அடித்துவிடுவார்கள். தாண்டிய தூரத்துக்கு நேரே தன் பேர் எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

1924-இல் பல நாட்டாரும் வந்து மோதும் குளிர்கால விளையாட்டு வாரம் எங்கள் ஊரில் நடந்தது. ஒலிம்பிக் என்ற பேர் பின்னால்தான் ஒட்டியது. தொடங்கும் முன் மழை கொட்டி, தாண்டும் சரிவில் மண் தெரிந்தது. ஊரே திரண்டு முதுகுக்கூடையில் பனி சுமந்து கொட்டினோம். காலில் மாட்டிய பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து அந்தப் பனியை மிதித்து இறுக்கினோம். தாண்டியவர் இறங்கும் இடத்தில் குழி விழும். பாயும் மேட்டிலிருந்து அந்தக் குழி வரைதான் நாடா பிடித்துத் தூரத்தை அளப்பார்கள். அளந்த பிறகு அந்தக் குழியையும் மிதித்து மூடுவது வழக்கம்.

சரிவு தாங்குமா என்று ஒருவர் தாண்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வாலிபர்கள் அந்தப் பனியை நம்பாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் போறேன் மாமா," என்றாள் யூஜெனி. வேலையை மேற்பார்வை பார்த்த கஸ்பார் அவளுடைய தாய்மாமன்.

"சும்மா இரு புள்ள. பொம்பளை தாண்டுனா வயித்துக்குள்ள எல்லாம் கலங்கிடுமாம். டாக்டரே சொல்லியிருக்காரு."

"காலையிலேருந்து கூடை சுமந்தேனே, அப்போ கலங்கலையா?"

கூடைக்காரிகள் சிரித்தார்கள்.

"காத்துல பாவாடை தூக்குமே," என்றான் ஒரு வாலிபன்.

"தூக்குனா கண்ணை மூடிக்க. பயத்துல ஏற்கெனவே பாதி மூடித்தானே கிடக்கு."

மாமன் தடுக்கும் முன் ஏறிவிட்டாள். பாவாடையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு உச்சியிலிருந்து சறுக்கிப் பாய்ந்தாள். அழகான தாண்டல் என்று சொல்லமாட்டேன். கைகள் கண்டபடி சுழன்றன. ஆனால் ஊர் வாலிபர்கள் அதுவரை எட்டிய தூரத்துக்கு அடையாளமாக ஒரு பைன் கிளை நட்டிருந்தார்கள். அதற்கும் கீழே போய் இறங்கினாள். விழவில்லை.

வருஷா வருஷம் அவள் பேரை அடித்த சங்கச் செயலாளரே கைதட்டினார்.

"நாடாவை எடுங்கப்பா. அளந்து இவ பேருக்கு நேரா எழுதிக்குவோம்."

"கேட்டியா புள்ள, எழுதப்போறாங்க," என்று மாமன் நாடாவை விரித்துக்கொண்டே சரிவில் இறங்கினார்.

யூஜெனி அதற்குள் பலகையைக் குறுக்கே திருப்பி, பக்கவாட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தாள். தன் குழியை அடைந்தாள். நாடாவின் நுனி வந்து சேர்வதற்குள் அதை மிதித்து மூடினாள். ஓரங்களைக்கூட விடவில்லை, அளக்க அடையாளமே இல்லை.

"ஏன்டி?" என்றார் மாமன்.

அவள் கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.