நம்பர் இல்லாத மலை

ரிவர்ஸ்டனுக்குப் போகிற வழியில், செக்பாயிண்ட்டில் வேன் கதவைத் திறந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. ஏலக்காய் வாசனையோடு ஈரக் காற்று... அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். எனக்கு டீச்சர் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான். ஸ்கூல் ஸ்டாஃப் எல்லோரும் நக்கிள்ஸ் மலை பார்க்க ட்ரிப் கிளம்பினோம். அம்மாவையும் கூப்பிட்டேன்.

"தெனமும் மலைக்குத்தானே போறேன். லீவு நாள்லயும் என்னாத்துக்கு மலை?"

தோட்டத்தில் மலை என்றால் வேலை செய்கிற இடம். ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்தேன்.

இப்போது செக்பாயிண்ட்டில் எல்லோரும் ஐடென்டிட்டி கார்டை நீட்டினார்கள். அம்மாவிடம் கார்டு இல்லை; தோட்டத்தில் பலருக்கும் அப்போது கிடைத்திருக்கவில்லை. தோட்டத்து மேனேஜர் துரை எழுதிக் கொடுத்த கடிதம் மட்டும்தான். அம்மாவை மட்டும் இறக்கிவிட்டால்?

"எங்க போறது?" சிப்பாய் அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"மலைக்குங்க தொரை." வாய்ப் பழக்கம்!

அவர் அம்மாவின் தீபாவளிச் சேலையை மேலும் கீழும் பார்த்தார். "புதுச் சாரி கட்டி கொழுந்து பறிக்கவா?"

வேனே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். கடிதத்தை மடித்துக் கொடுத்து, ஆறு மணிக்கு முன்னால் திரும்பிவிடச் சொன்னார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

பிட்டவல பத்தனை என்ற இடத்தில் புல்வெளி சட்டென்று முடிந்தது. அதற்கப்பால் தரையே இல்லை... எதிரே மலைக்குப் பின்னால் மலை, அதற்கும் பின்னால் மலை. மேகம் எங்கள் காலுக்குக் கீழே போனது.

"இதெல்லாம் எந்தத் தோட்டத்து மலை?" அம்மா மெதுவாகக் கேட்டார்.

"எந்தத் தோட்டமும் இல்லம்மா."

"நம்பரு?"

"நம்பரும் இல்ல."

"அப்ப சும்மாவே இருக்கா... இம்புட்டும்?"

பாறையில் உட்கார்ந்துவிட்டார். கை இரண்டும் மடியில் கிடந்தன. மலையில் அம்மாவின் கை சும்மா இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

டிரைவர் ஹார்ன் அடித்தார். மூன்று தரம் கூப்பிட்டேன். "இரு புள்ள, இன்னுங் கொஞ்ச நேரம்..." என்றார். ஆறு மணிப் பயத்தில் நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

இப்போது அந்த ரோட்டில் யாரும் மறிப்பதில்லை. அம்மாவிடம் கார்டும் இருக்கிறது. முழங்கால்தான் ஒத்துழைப்பதில்லை. போன மாதம் மகளோடு போனேன். நாலு போட்டோ, ஒரு வீடியோ... கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்.

"இன்னமும் அப்பிடியேதான் இருக்கா?"

"அப்பிடியேதான் இருக்கும்மா."

"பொறகு ஏன் இம்புட்டு வெரசா வந்துட்டீங்க?"