தண்டையார்பேட்டையில் நின்ற விரல்

சிக்குன்குனியா வந்த வருஷம் திருவொற்றியூரில் நிமிர்ந்து நடந்தவர்கள் குறைவு. தொலைந்துபோன கம்மல் திருகாணியைத் தேடுகிறவர்கள் மாதிரி ஊரே குனிந்து நடந்தது. காய்ச்சல் சீக்கிரம் போய்விடும். மூட்டுவலி மட்டும் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிடும்.

காலடிப்பேட்டையில் ஒரு சின்ன பிசியோதெரபி மையத்தில் நானும் என் தோழியும் வேலை பார்த்தோம். இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு விறைத்துப்போகும் விரல்களை என்ன செய்வது என்று கல்லூரியில் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சொல்லித்தர வெளியூரிலிருந்து ஓர் ஆசிரியர் வருவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவருக்கும் காய்ச்சல் வந்து முட்டி பிடித்துக்கொண்டது. ரயில் படி ஏற முடியவில்லை, கம்ப்யூட்டரிலேயே பாடம் நடத்துகிறேன் என்றார்.

எங்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. மெயின் ரோட்டு பிரவுசிங் சென்டரில், பிளைவுட் தடுப்புக்குள், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி உட்கார்ந்து, ஒரே ஹெட்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு படித்தோம். கடைக்காரர் எங்கள் காலடியில் கொசுவர்த்தி ஏற்றிவைப்பார். முதல் நாள் திரையில் புகையைப் பார்த்த ஆசிரியர், "அங்க ஏதாவது பூஜை நடக்குதா?" என்று கேட்டார்.

பிறகு தன் கையைக் காட்டினார். விரல்கள் நீட்டி இருக்கும். படம் அப்படியே நிற்கும். அடுத்த படத்தில் கொஞ்சம் மடங்கியிருக்கும். மறுபடி நிற்கும். இப்படியே போய்க் கடைசியில் முழு முஷ்டி. குரலும் விட்டுவிட்டு வந்ததால், காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினோம். மடக்கு, நிறுத்து, மடக்கு, நிறுத்து. மறுநாளிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொடுத்தோம்.

அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் மீன் வெட்டும் அக்கா ஒருத்தி. மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர்கள் அவளிடம் கொடுத்தால் செதில் எடுத்து, துண்டு போட்டுத் தருவாள். குழாய்க்குப் பக்கத்து இடம் அவளுடையது. அவளால் கத்தியைப் பிடிக்க முடியாமல் போனதும் அங்கே அவளுடைய ஓரகத்தி வந்து உட்கார்ந்தாள். சும்மா பார்த்துக்கொள்ளத்தான் என்று பேச்சு. அக்கா அதை நம்பவில்லை.

"பொர்ட்டாசி முடிஞ்சி வர்ற மொத ஞாயித்துக்கெயம டாக்டரம்மா. ஒரு மாசமா மீன் துன்னாத ஜனம் மொத்தமும் வந்து நிக்கும். அன்னிக்கு கொயாயாண்ட யாரு குந்திகினு கீறாளோ, அவளாண்டதான் அப்பால எல்லாரும் வருவாங்கோ. நான் அதுக்குள்ள கத்தி புடிக்கணும்."

எங்கள் நிறுத்தங்களுக்கு எண்ணூர் பாசஞ்சர் ரயில் நிற்கும் ஸ்டேஷன்களின் பெயரை வைத்தவளும் அவள்தான். நீட்டிய விரல் பீச் ஸ்டேஷன். முதல் மடிப்பு ராயபுரம், அடுத்தது தண்டையார்பேட்டை, அதற்கடுத்து ஒத்தியூர், அதாவது எங்கள் திருவொற்றியூர். முஷ்டி மூடினால் எண்ணூர். சீக்கிரமே மையம் முழுக்க அந்தப் பேச்சாகிவிட்டது. ரிடையர்டு கிளார்க் ஒருவர்கூட, "நான் இன்னைக்கு ஒத்தியூர் வந்துட்டேம்மா" என்பார். அக்காவின் வண்டி மட்டும் தண்டையார்பேட்டையைத் தாண்டவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்துவிட்டுத் தினமும் முயன்று பார்ப்பாள்.

புரட்டாசி பாதி போயிருந்தபோது ஆசிரியர் எங்களைச் செய்துகாட்டச் சொன்னார். இரண்டு பேரும் கேமரா முன்னால் கையை நீட்டி, அழகாக நிறுத்தி நிறுத்தி மடக்கினோம்.

"உங்க லைன் சரியில்லம்மா. கை நின்னு நின்னு வருது."

"லைன் நல்லாத்தான் இருக்கு சார். நாங்கதான் நிறுத்துறோம்."

"ஏன் நிறுத்துறீங்க?"

"நீங்கதானே சார் நிறுத்தினீங்க."

 அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது. அவர் எங்கேயும் நிறுத்தவே இல்லையாம். ஒரே ஓட்டமாக மடக்கியதை லைன்தான் துண்டு துண்டாக வெட்டி எங்களுக்கு அனுப்பியிருக்கிறது. பாதி ஊருக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டோமே என்று எனக்கு வியர்த்துவிட்டது. "நிறுத்துறதால கெடுதல் இல்ல. வலிக்கிற இடத்துல மூச்சு விட்டுட்டுப் போகட்டும். ஆனா நடுவுல இறங்கிடக் கூடாது, கடைசி வரைக்கும் போகணும்" என்றார்.

நான் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் அசரவில்லை. "எக்ஸ்பிரஸ்லாம் நமக்கு வோணாம் டாக்டரம்மா. நின்னு நின்னு போனாத்தான் நோவு கம்மியா கீது."

கடைசி வகுப்பில் ஒரு நோயாளியைப் பார்க்க வேண்டும் என்றார் ஆசிரியர். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அக்காவை அழைத்துப்போனேன். அவள் நியூஸ்பேப்பரில் சுற்றித் தன் கத்தியையே கொண்டுவந்திருந்தாள். கடைக்காரர் எழுந்துவிட்டார். "இன்னாக்கா, கத்தியத் தூக்கிகினு வந்துகீற? கடையக் கலீஜ் பண்ணிடாதக்கா."

அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. நாற்காலி முழுவதையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கத்தியின் பிடியை உள்ளங்கையில் வைத்தாள். ராயபுரம். தண்டையார்பேட்டை. அங்கே வழக்கம்போல நின்று உதட்டைக் கடித்து மூச்சு விட்டாள். பிறகு விரல்கள் நகர்ந்தன. ஒத்தியூர். சுண்டுவிரலும் போய்ப் பிடியைச் சுற்றிக்கொண்டது. அவள் கத்தியைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அப்படியே அசையாமல் இருந்தாள்.

"படம் நின்னுடுச்சும்மா. லைன் போச்சா?" என்றார் ஆசிரியர்.

"இல்ல சார்" என்றேன். "அப்படின்னா கையைக் கொஞ்சம் அசைக்கச் சொல்லுங்கம்மா" என்றார்.

"இன்னா சொல்றாரு?" என்றாள் அக்கா, கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கையைக் கொஞ்சம் அசைச்சுக் காட்டச் சொல்றார்க்கா."

"இருக்கச் சொல்லு. இப்பத்தான எண்ணூர் வந்துகீது."

ஞாயிற்றுக்கிழமை நான் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவள்தான் உட்கார்ந்திருந்தாள். ஓரகத்தி பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு துண்டு வெட்டுவாள், நிறுத்துவாள், விரலைத் திருத்திப் பிடித்துக்கொண்டு அடுத்ததை வெட்டுவாள். எனக்குப் பின்னால் பெரிய வரிசை. யாரோ ஒருவர் சீக்கிரம் ஆகட்டும் என்று சலித்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாசஞ்சர் வண்டி நைனா, நின்னு நின்னுதான் போவும்" என்றாள். "ஆனா எண்ணூர் வரிக்கும் போவும்."