அப்பா விரித்த துண்டு

எங்கள் வீட்டில் மூன்று பேர் அறுப்புக்குப் போவோம். அப்பா, அம்மா, நான். களத்தில் கூலி நெல்லை அளந்தால், மூன்று பேருடையதும் ஒரே குவியலாக அப்பா விரித்த துண்டில்தான் விழும். அம்மாவின் நெல் எது என்று அம்மாவுக்கே தெரியாது. அந்த நெல்லும் நேராக வீட்டுக்கு வராது, சாராயக்கடைப் பக்கம் போய்க் குறைந்துதான் வரும். "எங் கூலிய எங் கையில குடுத்தா இன்னா, கொறஞ்சா பூடும்?" என்று அம்மா அடுப்பிடம் கேட்பாள். அப்பாவிடம் கேட்டதே இல்லை.

எண்பதுகளில் எனக்குச் சேதராப்பட்டில் கம்பெனி வேலை கிடைத்தது. முதல் சம்பளம் அம்மா கைக்குத்தான் என்று மாதம் முழுக்க வீம்பாக இருந்தேன்.

சம்பளத்தன்று பார்த்தால், கம்பெனி கேட்டுக்குள்ளே அப்பா! வாட்ச்மேனை எப்படிச் சரிக்கட்டினாரோ. சம்பள ஜன்னலில் என் பேரைக் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் போய், தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. "பெருசு, கையெழுத்துப் போடுறவங்களுக்குத்தான் சம்பளம்" என்றார் கிளார்க். ஐயோ, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். அப்பாவும் பின்னாலேயே வந்து அதே பஸ்ஸில் ஏறினார்.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கவரை அவள் ஈரக்கையில் வைத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே அப்பாவிடம் நீட்டினாள். இத்தனை வருஷப் பழக்கம்! அப்பாவும் கையை நீட்டினார். என்ன நினைத்தாரோ, இழுத்துக்கொண்டார்.

"உங்கிட்டயே இருக்கட்டும்டி" என்று வெளியே போனார். கடைக்குத்தான் என்று நினைத்தேன். இல்லை, வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தத் தை அறுப்பின்போது எனக்கு லீவு, நானும் களத்தில் நின்றிருந்தேன். நிலத்துக்காரர் நெல் அளக்க மரக்காலை எடுத்தார்.

"அவளுக்குத் தனியா அளங்க" என்றார் அப்பா.

அம்மா திருதிருவென்று விழித்தாள். பாவம், கூலி வாங்க அவள் ஒரு கூடைகூடக் கொண்டுபோனது கிடையாது. அப்பா தன் துண்டை உதறி அவள் காலடியில் விரித்தார். தன் பங்குக்கு வேட்டி மடியை ஏந்திக்கொண்டு நின்றார்.

அன்றைக்குச் சம்பள வரிசையில் சிரித்தவர்களை எல்லாம் இழுத்துவந்து, "பாருங்கடா, இவர்தான் எங்கப்பா" என்று கத்தணும்போல இருந்தது எனக்கு.